கட்டத் தெருவா, வட்டச் சாலையா, வேலிக்குள்ளா? சிங்கப்பூரில் வீடு தேடுவோருக்கு ஒரு தெருக்கணக்கு

வீடு மாறப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒரே வடிவத்தில்தான் வருகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் பழைய வீடா, பொங்கோலில் புதிய வீடா? தோ பாயோவில் அம்மா வீட்டுக்கு அருகிலா, கொஞ்சம் கூடுதலாகக் கடன் வாங்கி வேலியிட்ட தனியார் வளாகமான கொண்டோமினியமா? கூடவே அறைகளின் எண்ணிக்கை, மாடி, குத்தகையில் மீதமுள்ள ஆண்டுகள், எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்ற விவரங்களையும் தருகிறார்கள். வாசலுக்கு வெளியே தெரு எப்படிப் போகிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

எனக்கு அதுதான் முதல் கேள்வி. சமையலறையை இடித்துக் கட்டிக்கொள்ளலாம். ரயில் பாதைகூடப் பிறகு வரும். தோ பாயோ 1960களில் எழத் தொடங்கிய நகர். அங்கே ரயில் வந்தது 1987 நவம்பர் 7ஆம் தேதி. நாட்டின் முதல் எம்ஆர்டி ரயிலே அன்றுதான் ஓடியது. அதற்குள் அந்த நகரில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் லோரோங்குகள் எனப்படும் அதன் தெருக்கள் போட்ட இடத்திலேயே கிடக்கின்றன. இன்னும் பின்னால் போனால், 1822இல் ராஃபிள்ஸ் அமைத்த குழு வகுத்த நகரத் திட்டத்தின் கட்டத் தெருக்களில் பல சிங்கப்பூர் ஆற்றங்கரைப் பகுதியில் இன்றும் நடமாட்டத்தில் இருக்கின்றன. மேலே கட்டடங்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன. வீடு வாங்கும்போது நாம் உண்மையில் மாற்ற முடியாத ஒன்றை வாங்குகிறோம் என்றால், அது தெருவின் அமைப்புதான்.

## நகர் வளர வளரத் தெரு என்ன ஆனது

பழைய நகரில் ஒரு தெரு இன்னொரு தெருவை வெட்டும். நாற்சந்தி, முச்சந்தி, மறுபடி நாற்சந்தி. ஒரு வழி அடைபட்டால் அடுத்த தெருவில் திரும்பிப் போகலாம். நகர் பெரிதாகி, கார் பெருகியபோது உலகம் முழுவதும் திட்டமிடுவோர் வேறு முறைக்குப் போனார்கள். விரைவுச்சாலையிலிருந்து பெருஞ்சாலை, அதிலிருந்து உள்சாலை, அதிலிருந்து கார் நிறுத்துமிடம், அங்கே முடிவு. மரத்தின் கிளைகளைப் போல. ஒரு கிளையின் நுனியிலிருந்து பக்கத்துக் கிளையின் நுனிக்குப் போக அடிமரம் வரை இறங்கி ஏற வேண்டும்.

இது நம் ஊர் விஷயம் மட்டுமன்று. உலகத் தெரு வரைபடங்களைத் தொகுத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 1975க்குப் பிறகு புதிதாகப் போடப்பட்ட தெருக்களில் இணைப்பு குறைந்துகொண்டே வந்திருப்பதைக் காட்டியது. அதே ஆய்வாளர்கள் 2015இல் அமெரிக்காவைப் பற்றி வெளியிட்டதில் ஒரு நம்பிக்கையான செய்தி இருந்தது: அங்கே முட்டுச்சந்துகளின் மோகம் 1990களின் நடுவில் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. ஆனால் அதற்குள் போட்டுவிட்ட முட்டுச்சந்துகள் முட்டுச்சந்துகளாகவே நிற்கின்றன.

சிங்கப்பூர் மற்ற நகரங்களைப்போல் கண்டபடி பரவவில்லை. பரவ இடமும் இல்லை. சாலைகளுக்கு மட்டுமே நாட்டின் நிலத்தில் சுமார் 12 விழுக்காடு போகிறது. 1971ஆம் ஆண்டுக் கருத்துருத் திட்டம், நடுவில் உள்ள நீர்ப்பிடிப்புக் காட்டைச் சுற்றி நகர்களை வளையமாக வைத்து, விரைவுச்சாலைகளாலும் ரயிலாலும் அவற்றைக் கோத்தது. நகர்கள் அடர்த்தியாகவே எழுந்தன. சாலைகள் மட்டும் கிளை பிரிந்தன.

இங்கே நம்மைக் காப்பாற்றியது ஒன்று உண்டு. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி வேலி கிடையாது. கீழ்த்தளம் திறந்தே இருக்கிறது. காருக்கு முட்டுச்சந்தாக இருக்கும் இடம் காலுக்கு வழியாக இருக்கிறது. ஆகவே சிங்கப்பூரில் ஓர் இடத்தின் இணைப்பைக் கார் ஓட்டுபவர் பார்க்கும் வரைபடத்தில் தேடக்கூடாது. நடந்து பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் சுற்றுவழி. வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு ஒன்று போடுங்கள். பிறகு நடைவழித் தூரத்தைப் பாருங்கள். நடைவழியை நேர்கோட்டால் வகுத்தால் வருவது சுற்றுவழி விகிதம். சீரான கட்டத் தெருக்களில் இது எந்தத் திசையிலும் ஏறத்தாழ 1.41ஐத் தாண்டாது, அது வடிவியல் கணக்கு. இரண்டை நெருங்கினால் நடுவில் ஏதோ பெரிய தடை இருக்கிறது என்று பொருள். சந்தை, மருந்தகம், பள்ளி, கோயில் என்று நீங்கள் வாரந்தோறும் போகும் இடங்களுக்கெல்லாம் இதைப் போட்டுப் பாருங்கள். ரயில் நிலையம் ஒன்றுக்கு மட்டும் போட்டால் ஏமாறுவீர்கள். வீட்டு விளம்பரங்கள் அந்த ஒன்றைத்தான் அழகாகக் காட்டும்.

இரண்டாவது, மாற்றுவழி. ஒரு பாதையைப் பழுதுபார்க்க அடைத்தால் இன்னொன்று இருக்கிறதா? மூன்றாவது, குறுக்கே நிற்பது எது: ஆறு தடச் சாலையா, கால்வாயா, வேலியா, படி ஏற வேண்டிய மேம்பாலமா? மூட்டு வலி உள்ள அப்பாவுக்கு நானூறு மீட்டர் நிழல் நடை பெரிதில்லை. ஒரு மேம்பாலம் பெரிது. நான்காவது, வெயிலும் மழையும். நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் கூரையிட்ட நடைபாதைகள் போடப்பட்டன; மொத்தம் 200 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் வீடு அந்த வட்டத்துக்குள் இருக்கிறதா என்பது நாள்தோறும் தெரியும் வேறுபாடு.

கடைசியாக, மறைந்திருக்கும் செலவும் விதிமுறையும். இது தெருவைச் சேர்ந்ததன்று என்று தோன்றலாம். ஆனால் நல்ல தெருவுக்கு இந்த ஊரில் விலை இருக்கிறது. அந்த விலை எப்போதும் ரொக்கமாக இருப்பதில்லை.

## தேக்கா, ஃபேரர் பார்க், ஜாலான் புசார்

தெருவை மட்டும் பார்த்தால் தீவில் இதற்கு நிகரான இடங்கள் மிகச் சில. சிராங்கூன் சாலையிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போக எத்தனை குறுக்குத் தெருக்கள்! மறுபக்கம் டன்லப் ஸ்திரீட், டிக்சன் ரோடு, வீராசாமி சாலை என்று ஜாலான் புசார் வரை அடுத்தடுத்து வெட்டிக்கொண்டே போகின்றன. பின்சந்துகளையும் சேர்த்தால் வழிகள் இன்னும் கூடும். லிட்டில் இந்தியா, ரோச்சோர், ஜாலான் புசார், ஃபேரர் பார்க் ஆகிய நான்கு எம்ஆர்டி நிலையங்களும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால், ஒரு பாதையில் ரயில் நின்றால் இன்னொரு பாதைக்குப் போய்விடலாம். கடைவீடுகளின் முன்னே கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப்பாதை இருப்பதால் மழையில் நனையாமல் கடைக்குக் கடை போகலாம். அரசாங்கம் இப்போது புதிய நகர்களில் கூரை போட்டு உருவாக்க முயல்வதைக் கடைவீடுகள் நூறாண்டுக்கு முன்பே தந்துவிட்டன.

மாற்றுவழியின் அருமை தைப்பூசத்தன்று தெரியும். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் போகும்போது சாலையின் தடங்கள் மூடப்படுகின்றன. அப்படியும் அந்த வட்டாரம் இயங்குகிறது. பக்கத்துத் தெருக்கள் பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. கிளை பிரிந்த சாலைகள் கொண்ட நகரில் இதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது.

இனி விலை. 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. ஆகவே வீடுகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடப்போவதில்லை. இருக்கும் வீவக வீடுகளில் பல பழையவை. 2019 மே மாதம் முதல் நடப்பில் உள்ள விதியின்படி, வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை மீதமிருந்தால்தான் ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். முப்பது வயதுத் தம்பதிக்கு 65 ஆண்டு வேண்டும். பழைய புளோக்குகளில் அது இல்லை. வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டும். இந்த வட்டாரத்தைப் போன்ற நகர மையப் பகுதிகளில் வரும் புதிய வீடுகள் 'பிரைம்' வகையில் அமைகின்றன. விற்பதற்கு முன் குடியிருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலம் ஐந்துக்குப் பதில் பத்து ஆண்டு, விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் வேண்டும்.

இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் இருக்கிறது. 1989 முதல் நடப்பில் உள்ள, வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்தவரின் பங்குக்கும் வரம்பு விதிக்கும் இந்தக் கொள்கையில், இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு 2010இல் அக்கம்பக்கத்துக்கு 12 விழுக்காடாகவும் புளோக்குக்கு 15 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. நம்மவர் விரும்பும் புளோக்கில் அந்த வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியர் அல்லாத ஒருவர் தம் வீட்டை உங்களுக்கு விற்க முடியாது. மனத்துக்குப் பிடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனை. முதலிலேயே பாருங்கள்.

ஞாயிறு மாலைக் கூட்டத்தைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதைக் குறையாக எண்ணவில்லை. வாரம் முழுவதும் உழைத்த தமிழ், வங்காள ஊழியர்கள் கூடி நிற்கத் தெரு இருக்கிறது என்பது அந்தத் தெருவின் பெருமை. தூக்கத்துக்கு அமைதி தேவைப்படுபவர் மட்டும் ஒரு சனி இரவும் ஒரு ஞாயிறு மாலையும் அங்கே நின்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

## தோ பாயோ, அங் மோ கியோ போன்ற முதிர்ந்த நகர்கள்

தோ பாயோவின் வரைபடத்தில் லோரோங்குகள் நகர் மையத்தை வளைத்துச் சுற்றி வருகின்றன. காரில் போனால் சுற்றத்தான் வேண்டும். நடந்தால் கதையே வேறு. புளோக்கின் கீழ்த்தளம், அடுத்த புளோக்குக்குக் கூரைப்பாதை, விளையாட்டுத் திடல், காப்பிக்கடை, மறுபடி கீழ்த்தளம் என்று கிட்டத்தட்ட நேர்கோட்டில் மையத்துக்குப் போய்விடலாம். புல்வெளியில் காலடிகள் போட்ட ஒற்றையடிப்பாதைக்குப் பிறகு சிமெண்டு பூசியிருப்பதையும் சில இடங்களில் பார்க்கலாம். திட்டமிட்டவருக்குத் தெரியாத வழி நடந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு சிமெண்டு பூசிய நகர் நல்ல நகர்.

முதியவர்களோடு வாழ்பவர்களுக்கு என் தேர்வு இதுதான். மையத்திலேயே ரயிலும் பஸ் நிலையமும் நூலகமும் சேர்ந்திருக்கின்றன. எட்டாம் லோரோங்கில் ஸ்ரீ வைராவிமட காளியம்மன் கோயில் இருக்கிறது. கீழ்த்தளம் வழியாக நடக்கும்போது மழையும் வெயிலும் பாதியாகக் குறைகின்றன. களைத்தால் உட்கார இருக்கையும், பேச ஆளும் இருக்கிறார்கள். தேக்காவின் தெருவில் கூட்டம் அதிகம், உட்கார இடம் குறைவு. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே எழுபது வயதைத் தாண்டிய பெற்றோருக்கு நான் தோ பாயோவைச் சொல்வேன்.

குறைகள் நகரின் ஓரத்தில் தொடங்குகின்றன. மையத்துக்குள் எல்லாம் அருகில். பக்கத்து நகருக்குப் போக வேண்டுமானால் பல தடச் சாலையும் விரைவுச்சாலையும் நடுவில். தோ பாயோவின் விளிம்பில் தீவு விரைவுச்சாலை ஓடுகிறது. அந்த விளிம்பில் வீடு பார்ப்பவர்கள் சுற்றுவழிக் கணக்கை எல்லாத் திசையிலும் போட வேண்டும். பழைய வீட்டுக்கான குத்தகைக் கணக்கு இங்கும் பொருந்தும். இன்னொரு செலவு விற்கும்போது வரும். புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியரான நீங்கள் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்கும், விலையும் இறங்கலாம்.

## செங்காங், பொங்கோல், தெங்கா

இளம் தம்பதிகள் அதிகம் போகும் இடங்கள். புதிய வீடு, நீண்ட குத்தகை, பலருக்குக் கட்டுப்படியாகும் விலை. இரண்டு பக்கத்து நகர்களின் தெருக்கள் எவ்வளவு மாறுபடுகின்றன என்பதையும் இங்கே பார்க்கலாம். செங்காங்கில் ரிவர்வேல், காம்பஸ்வேல், ஆங்கர்வேல் என்று பெரிய வளைசாலைகள். பொங்கோலிலோ 1996இல் அறிவிக்கப்பட்ட 'பொங்கோல் 21' திட்டம், சிறிய குடியிருப்புகளைக் கட்டங்களாக அடுக்கி, வீட்டிலிருந்து சுமார் 300 முதல் 350 மீட்டருக்குள் இலகு ரயில் நிலையம் என்று வகுத்தது. கட்டத் தெருவை மறுபடி தேடிப்போன திட்டம் அது. சாலைகள் நேராக வெட்டிக்கொள்கின்றன, திசை குழம்புவதில்லை.

ஆனால் கட்டம் என்ற பெயர் ஒன்றானாலும் அளவு வேறு. தேக்காவில் ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்திக்குச் சில நிமிட நடை. பொங்கோலில் கட்டங்கள் பெரியவை, சாலைகள் அகலமானவை, சிவப்பு விளக்கில் நிற்கும் நேரமும் கூடுதல். சில புதிய குடியிருப்புகளில் கார் நிறுத்துமிடத்தைத் தரையில் வைத்து அதன் மேல் பசுமைத் தளம் அமைத்திருக்கிறார்கள். பார்க்க அழகு, பிள்ளைகள் விளையாடப் பாதுகாப்பு. ஆனால் பழைய புளோக்கின் திறந்த கீழ்த்தளம் தந்த நேர்வழி அங்கே அடைபடுகிறது. சுற்றிப் போக வேண்டும், அல்லது ஏறி இறங்க வேண்டும். இந்த மாற்றத்தைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

தெம்பனிஸ் விரைவுச்சாலை செங்காங்கையும் பொங்கோலையும் பிரிக்கிறது. ரிவர்வேல் கிரெசண்டில் உள்ள அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் பொங்கோலிலிருந்து வரைபடத்தில் மிக அருகில் தெரியும். நடையாகப் போக நினைத்தால் விரைவுச்சாலையைக் கடக்கும் இடத்தைத் தேட வேண்டும். மாற்றுவழியும் குறைவு. நகருக்குள் இலகு ரயில், வெளியே போக வடகிழக்குப் பாதை. 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையம் திறந்தது உதவிதான், ஆனால் அதுவும் அதே பாதையில்தான் இருக்கிறது.

தெங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகர் மையத்தில் கார்களைக் கீழே அனுப்பி, தரைமட்டத்தை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் விடும் திட்டம். நாட்டில் முதல் முறை. கிட்டத்தட்ட 42,000 வீடுகளுக்கு வகுத்திருக்கிறார்கள். காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த தெரு அமைப்பு இதுதான். ஆனால் ஜூரோங் வட்டார ரயில் பாதை முழுமையாக வரும் வரை பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். அந்தக் காத்திருப்பையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பொறுக்கக்கூடிய இளம் குடும்பத்துக்கு நல்ல தேர்வு. வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் போகும் பெரியவர் உள்ள வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

## வேலிக்குள் கொண்டோமினியம்

கொண்டோமினியத்தைத் தேர்ந்தெடுப்பவர்களின் காரணங்களை நான் மதிக்கிறேன். நீச்சல் குளம், காவல், அமைதி. நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் புதிய வீவக வீடு வாங்க முடியாது, மறுவிற்பனை வீட்டுக்கும் நிரந்தரவாசத் தகுதி பெற்று மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். நிரந்தரவாசி முதல் வீட்டுக்குக் கட்டும் கூடுதல் முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு. வெளிநாட்டவருக்கு 2023 ஏப்ரல் முதல் 60 விழுக்காடு. அவர்கள் பெரும்பாலும் வாடகைக்கே இருப்பார்கள்.

தெருவின் பக்கம் நின்று பார்த்தால் இந்த நான்கு தேர்வுகளில் மிகப் பலவீனமானது இதுதான். வாசல் ஒன்று, சில வளாகங்களில் அட்டை தட்டித் திறக்கும் பக்கவாசல் ஒன்று. உங்கள் வீடு ரயில் நிலையத்தைப் பார்த்தபடி இருக்கும், வாசல் எதிர்ப்பக்கம் இருக்கும். 'ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்' என்ற விளம்பரம் எந்த வாசலிலிருந்து, வளாகத்தின் எந்தப் புளோக்கிலிருந்து என்று கேளுங்கள். பெரிய வளாகமாக இருந்தால் உள்ளே நடப்பதற்கே ஐந்து நிமிடம் போய்விடும். மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்தை எல்லாரும் கணக்கில் சேர்க்கிறார்கள். நாளுக்கு நான்கு முறை வேலியைச் சுற்றும் நேரத்தை யாரும் சேர்ப்பதில்லை. அந்த வேலி வெளியே இருப்பவரையும் சுற்ற வைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பு குறுக்கே நடந்த பள்ளிப் பிள்ளை இப்போது சாலையோரமாகச் சுற்றிப் போகிறான்.

பள்ளி என்றதும் ஒன்று. முதலாம் வகுப்புச் சேர்க்கையில் பார்க்கும் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தூரம் நேர்கோட்டில் அளக்கப்படுவது. முன்னுரிமை கிடைத்துவிடும், பிள்ளை நடக்கும் தூரம் வேறாக இருக்கும். எந்த வகை வீட்டுக்கும் இது பொருந்தும் என்றாலும், ஒற்றை வாசல் கொண்ட வளாகத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகும்.

## கடற்பாலத்துக்கு அப்பால்

சிங்கப்பூரின் எல்லைக்குள் இடமில்லாத பரவல் மலேசியாவின் ஜொகூரில் நடக்கிறது. இங்கே வேலை செய்யும் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பல ஸ்கூடாய், மாசாய் பக்கம் வாழ்கின்றன. சிங்கப்பூரில் ஓர் அறையின் வாடகைக்கு அங்கே முழு வீடு எடுக்கலாம். தாமான் எனப்படும் குடியிருப்புப் பேட்டைக்குள் வரிசை வீடுகள் நேர்த்தியாகக் கட்டங்களாகவே இருக்கும். ஆனால் தாமானிலிருந்து வெளியே போகும் வழி ஒன்றோ இரண்டோதான், அது நேராக நெடுஞ்சாலையில் விடும். பக்கத்துத் தாமானில் உள்ள கடைக்குக்கூடக் கார் வேண்டும். கணவனுக்கு மோட்டார் சைக்கிள், மனைவிக்குக் கார், பிள்ளைக்குப் பள்ளி வேன் என்று சேமித்த வாடகை வேறு வழியில் போய்விடுகிறது.

2026 இறுதிக்குள் ஓடத் தொடங்கும் என்ற இலக்கோடு கட்டப்படும், ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்சையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில், மணிக்கு ஒரு திசையில் பத்தாயிரம் பேர் வரை ஏற்றும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. அதன் ஜொகூர் நிலையமான புக்கிட் சாகாருக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு இருந்தால் இந்தத் தேர்வின் மதிப்பு அடியோடு மாறும். தொலைவில் ஒரு தாமானில் இருந்தால், ரயில் நிலையம் வரை வரும் நெரிசல் அப்படியே இருக்கும்.

## யாருக்கு எது

பெற்றோர் உடனிருந்தால், அல்லது நீங்களே ஐம்பதைத் தாண்டியிருந்தால், முதிர்ந்த நகரின் நடுப்பகுதி. வேலை நகர மையத்தில், கார் வேண்டாம், கோயிலும் கடையும் காலடியில் வேண்டும், கையில் ரொக்கம் கொஞ்சம் உண்டு என்றால் தேக்கா வட்டாரம். வாங்க முடியாவிட்டால் வாடகைக்காவது இருந்து பார்க்கலாம். முதல் வீடு, சிறு பிள்ளைகள், நீண்ட குத்தகை முக்கியம் என்றால் பொங்கோல். அதிலும் ஆற்றங்கரைக் காட்சியைவிட இலகு ரயிலுக்கும் சந்தைக்கும் இடையில் உள்ள புளோக்கைப் பாருங்கள். கொண்டோமினியம்தான் என்று முடிவானால், பொதுத் தெருவில் இரண்டு பக்கம் வாசல் திறக்கும் சிறிய வளாகத்தைத் தேடுங்கள்.

## முன்பணம் கட்டுவதற்கு முன்

விற்பனை முகவருடன் போகும்போது காரில் கொண்டுபோய் விடுவார்கள். மறுபடி தனியாகப் போங்கள், ரயிலில் இறங்கி நடந்து. ஒரு முறை மதிய வெயிலில், ஒரு முறை மழையில். குழந்தை வண்டியையோ மளிகை இழுவண்டியையோ தள்ளிக்கொண்டு போனால் படிகளும் மேடுபள்ளங்களும் தாமாகக் கணக்கில் வந்துவிடும். இன வரம்பு நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியமாக, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தைத் திறந்து, உங்கள் புளோக்குக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் உள்ள வெற்று நிலத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று பாருங்கள். புதிய பெருந்திட்டத்தின் வரைவு 2025 ஜூனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று அந்தப் புல்வெளியின் குறுக்கே நடந்து ஐந்து நிமிடத்தில் நிலையத்தை அடையலாம். அந்த மனை குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், தனியாருக்கு ஏலத்தில் விற்கப்பட்டுக் கட்டுமானத் தடுப்பு எழும் நாளில் உங்கள் ஐந்து நிமிடம் பன்னிரண்டாகும். கட்டி முடித்த பிறகும் அங்கே வேலி இருக்கும். பூங்காவுக்கோ பள்ளிக்கோ ஒதுக்கப்பட்டிருந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: பூங்கா வழி விடும், பள்ளி விடாது.